ஒன்பதாவது முகம்

கேள்வித்தாள் முன்கூட்டியே கைக்கு வந்துவிட்டால் யாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது? டாக்டர் செண்பகவல்லிக்கு அறுபத்திரண்டு வயதில் அப்படி ஒன்று வந்தது. காபி ஆறி ஆடை படிகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வியன்னாவில் உலகப் படிம ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. மனித உடம்பை ஊடுருவிப் படம் பிடிக்கிற கருவிகளை எந்த நாடு எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று விதி வகுக்கிற இடம். அதன் கூட்டத்தில் ஒருவரைக் கேள்வி கேட்பதாக இருந்தால் அன்று காலையே எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அந்த விதியைச் சண்டை போட்டு வாங்கியவளே செண்பகவல்லிதான். தன் வினை தன்னைச் சுடும் என்பது இதுதான்.

காகிதத்தில் இரண்டே வரி. "தங்கள் முதல் ஆய்வில் பதினான்காம் நபர், ஒன்பதாவது முகம் என்ற பதிவைக் கட்டுரையிலிருந்து நீக்கியது ஏன்? அந்த நபர் இப்போது எங்கே இருக்கிறார்?"

அந்த நபர் இப்போது சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இன்றைக்கு ஆணையத்து ஓட்டெடுப்பில் ஜெயித்தால் தேங்காய்ப்பால் விட்டுச் சொதி வைப்பதாக மனைவி செண்பகவல்லியிடம் சொல்லியிருந்தார். தோற்றாலும் வைப்பார் என்பது வேறு விஷயம்.

"ஏளா, காபி ஆறிட்டுல்லா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"குடிக்கேன்" என்று சொல்லிவிட்டு அவள் குடிக்கவில்லை.

கோவில்பட்டியில் பிறந்து, மதுரையில் வேதியியல் படித்து, அங்கேயே ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தவள் செண்பகவல்லி. முப்பது வயதில் அவள் ஒரு மருந்தைச் செய்தாள். காகிதத்தில் அதன் பெயர் ஒன்றரை வரி நீளம். ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அதை 'ஈரம்' என்று கூப்பிட்டார்கள். நெஞ்சில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்கிற மருந்து என்பதால் அந்தப் பெயர். லேசாகக் கதிர்வீசும். இரண்டு மணி நேரத்துக்குள் பாதிக்குப் பாதி செத்துப்போகும். அதனால் செய்த கையோடு ஈயப் பெட்டியில் வைத்து ஸ்கேன் அறைக்கு ஓடவேண்டும். ஊசியில் ஏற்றிவிட்டு ஒவ்வொரு முகமாகத் திரையில் காட்டினால், மனதுக்குள் இடம் பிடித்த முகம் வரும்போது மட்டும் மூளையில் ஓர் ஓரம் சிவப்பாக எரியும். அடுத்த முகம் வந்தால் அணைந்துவிடும்.

அவள் அதைச் செய்தது மறதி நோய்க்காரர்களுக்காக. தூத்துக்குடியிலிருந்து வந்த ஒருவர் இன்னும் அவள் கண்ணுக்குள்ளேயே நிற்கிறார். பெற்ற தாய் இரண்டு வருஷமாக அவரைப் பார்த்து "யாருப்பா நீ?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா இது, செவப்பா?" என்று திரையைக் காட்டிக் கேட்டார் அவர்.

"உங்க முகத்தைப் பாத்ததும் அம்மா தலைக்குள்ள எரியுற விளக்கு."

"எம் பேரே தெரியலையே அவளுக்கு?"

"பேரு வைக்கிற அலமாரி வேற சார், உங்களை வச்சிருக்கிற இடம் வேற. அலமாரிதான் சாஞ்சு போச்சு. நீங்க அப்படியேதான் இருக்கீங்க."

ஐம்பது வயது மனிதர், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டார். கொடுத்தாள். ஒரு வேதியியல்காரிக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் நல்ல கத்தியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள உலகம் விடாது. பத்து வருஷத்துக்கு முன்னால் பனி அதிகம் பெய்கிற ஒரு நாடு, பெயர் வேண்டாம், மனைவி விசாவுக்கு இந்த ஸ்கேனைக் கேட்க ஆரம்பித்தது. கணவன் முகத்தைக் காட்டுவார்கள். எரிந்தால் விசா. எரியாவிட்டால் 'போலித் திருமணம்' என்று முத்திரை. ஒன்றைப் பார்த்து ஒன்றாகப் பதினோரு நாடுகள் பிடித்துக்கொண்டன. செண்பகவல்லி ஆய்வுக்கூடத்தின் சாவியைக் கொடுத்துவிட்டு வியன்னாவுக்கு வந்தாள். குடுவையும் குழாயுமாக இருந்த கை கோப்பும் தீர்மானமுமாக ஆனது அப்படித்தான். 'அந்த அம்மாவுக்குப் பதவி ஆசை' என்று மதுரையில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

முத்துப்பேச்சி அவளுக்கு முதன்முதலில் போன் செய்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். சாத்தூர்ப் பெண். புருஷன் அந்தப் பனி நாட்டில் வெல்டர்.

"மேடம், கல்யாணமாகி ஒம்பது நாளுதான் கூட இருந்தோம். அதுல மூணு நாளு கோயிலு, ரெண்டு நாளு விருந்து. அவுக மொகத்தை நிமிந்து பாக்கவே எனக்கு வெக்கமா இருக்கும். போட்டோவக் காட்டி எரியுதான்னு பாத்தா எப்படி மேடம் எரியும்?"

செண்பகவல்லி மனு எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

"புள்ள பொறந்துட்டு மேடம். அப்பான்னா செல்போனுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கு."

இதைவிட மோசமான ஒன்றும் செண்பகவல்லியின் காதில் விழுந்திருந்தது. அந்த நாட்டுத் தூதரகத்தில் ஸ்கேன் எடுக்கிற வேலையில் இருந்த ஒரு பெண், வேலையை விட்ட பிறகு சொன்னாள். ஒரு மாதத்தில் வந்தவர்களிலேயே மிகப் பிரகாசமாக எரிந்தது, முழங்கைக்கு மேல் விரல் பதிந்த காயத்தோடு வந்த ஒரு மனைவிக்கு. விசா உடனே கிடைத்துவிட்டது. அப்படியென்றால் ஈரம் பயத்துக்கும் எரிகிறதா? செண்பகவல்லிக்குச் சந்தேகம், ஆனால் சான்று இல்லை. ஆய்வுக்கு வருகிறவர்களைப் பயமுறுத்தி ஸ்கேன் எடுக்க எந்த நெறிமுறைக் குழுவும் விட்டதில்லை. விசா கொடுக்கிற நாடுகளிடம் நாற்பதாயிரம் பதிவுகள் கிடந்தன. கேட்டால் அந்தரங்கம் என்றார்கள். பிறத்தியார் மண்டைக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு வந்த அந்தரங்கத்தைப் பாருங்கள்.

இன்று பிற்பகல் பதினோராம் பிரிவு ஓட்டுக்கு வருகிறது. 'ஒருவருடைய பாசத்துக்கு ஸ்கேனைச் சான்றாகக் கொள்ளக் கூடாது.' அவ்வளவுதான் அந்தப் பிரிவு. எதிர்க்கிறவர் பனி நாட்டுப் பிரதிநிதி ஹால்வர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நாய் வளர்க்கிறார், பின்னால் வருகிறவருக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கடமையில் மட்டும் கறார். அவர்தான் பழைய பதிவேட்டைத் தோண்டி இந்த இரண்டு வரியை எடுத்திருக்கிறார்.

இரண்டு வரிக்குப் பின்னால் இருந்த கதை இது.

முதல் ஆய்வுக்கு இரண்டு கோப்பு நிறையப் படங்கள் வேண்டியிருந்தன. ஒன்றில் உறவுக்காரர்கள், இன்னொன்றில் முன்பின் தெரியாதவர்கள். அலுவலக எழுத்தர் பால்வண்ணம் அண்ணாச்சியிடம் 'உறவு', 'அசலார்' என்று லேபிள் எழுதச் சொன்னாள். லேபிளில் இடம் போதாமல் அவர் 'அசல்' என்று முடித்துவிட்டார். அந்த 'அசல்' கோப்பில், ஒன்பதாவதாக, செண்பகவல்லியின் அடையாள அட்டைப் படமே கிடந்தது. எண்ணெய் வழியும் பின்னலும், போலீஸைப் பார்த்த மாதிரி முழிக்கிற கண்ணும். அசல், நகல் என்று பார்த்தே பழகிய அண்ணாச்சி ஏதோ அசல் படம் என்று நினைத்து உள்ளே சொருகிவிட்டார் என்று அவள் முடிவு செய்து, அவரைப் பிடித்து ஏசு ஏசென்று ஏசினாள்.

ஆனால் அதற்குள் பதினான்காம் நபருக்கு ஸ்கேன் முடிந்திருந்தது. ஆள் கிடைக்காததால் ஸ்கேன் கருவியை ஓட்டுகிற ஞானதுரையே படுத்துக்கொண்டார். நாசரேத்துக்காரர். வணக்கம் மேடம், ஊசி ரெடி மேடம், போயிட்டு வாரேன் மேடம் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர். எட்டு முகங்களுக்கு அவர் மூளை சாம்பல் நிறத்தில் அமைதியாக இருந்தது. ஒன்பதாவது முகத்துக்கு ஊரே கார்த்திகை தீபம் ஏற்றின மாதிரி எரிந்தது.

செண்பகவல்லி அதை அடுத்த அறையில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது. பார்த்துவிட்டாள். 'தொழில்நுட்பப் பிழை' என்று எழுதிப் பதிவை நீக்கினாள். நான்கு மாதம் கழித்து ஒருநாள் ஸ்கேன் அறை வாசலில் நின்றுகொண்டு, "ஞானதுரை சார், ஞாயித்துக்கிழமை எங்க அப்பாவை வந்து பாருங்க" என்றாள்.

"எதுக்கு மேடம்?"

"வந்தா தெரியும்."

இரண்டு வீட்டிலும் மதத்தைச் சொல்லி ஏழு மாதம் சண்டை. அவள் மட்டும் அசையவில்லை. அவர் மனசு எனக்குத் தெரியும் என்று எல்லோரிடமும் சொன்னாள். எப்படித் தெரியும் என்பதை அவரிடம்கூடச் சொல்லவில்லை. முப்பத்தொரு வருஷம் ஓடிவிட்டது.

இப்போது ஹால்வர் கேட்கப் போவது இதுதான். அந்த ஸ்கேன் சொன்னது சரியாகத்தானே இருந்தது, அம்மா? நம்பித்தானே கழுத்தை நீட்டினீர்கள்? அதற்கு அவள் என்ன சொல்வாள்? ஈரத்துக்கு அவளுடைய கல்யாணத்தைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. அதைவிட, ஞானதுரை இதை அந்நிய மனிதன் வாயால் கேட்கக் கூடாது.

எழுந்து சமையலறைக்குப் போனாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். துருவுகிற சத்தம் பாதியில் நின்றது.

"அப்போ நீ பாத்துட்டுதான் வந்தியா?"

"ஆமா."

"எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டு."

"ஆமாங்க. உங்களைக் கேக்காமப் பாத்தேன். தப்புதான்."

அவர் கையைக் கழுவினார். துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். பிறகு அறைக்குள் போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து, "நானும் வருதேன்" என்றார்.

டிராமில் இருபத்தைந்து நிமிஷம். வழக்கமாக ஜன்னலுக்கு வெளியே தெரிகிற ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பட்டப்பெயர் வைக்கிற மனிதர் அவர். இன்று முழங்காலில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி வந்தார். ஓட்டெடுப்பு போனால் போகட்டும், இந்த மனிதர் திரும்பப் பேசினால் போதும் என்று அவளுக்கு இருந்தது. உடனே செல்போனை அப்பா என்று நினைக்கிற குழந்தை நினைவுக்கு வந்து, அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

கூட்டம் தொடங்கியது. தலைமை, கென்யாவிலிருந்து வந்த ஓர் அம்மையார். ஹால்வர் எழுந்து இரண்டு வரியையும் மரியாதையாகப் படித்தார். ஞானதுரை பார்வையாளர் வரிசையில் கடைசியில் உட்கார்ந்திருந்தார்.

செண்பகவல்லி ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்தாள்.

"அது தொழில்நுட்பப் பிழை என்று எழுதியிருக்கிறேன். அது பொய். அந்தப் பதிவில் இருப்பது ஒருவருடைய மனசு. நான் அவரைக் கேட்காமல் பார்த்தேன். பார்த்ததைப் பற்றி இங்கே பேசுவதற்காவது அவரைக் கேட்க வேண்டும். அவர் இந்த அரங்கத்தில்தான் இருக்கிறார்."

திரும்பி, தமிழில், எல்லோர் முன்னாலும் கேட்டாள். "சொல்லட்டுமாங்க?"

ஞானதுரை எழுந்து நின்றார். "நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லுதேன்."

ஆங்கிலம் தெரியாதவரில்லை. ஆனால் இதைச் சொல்ல அந்த ஆங்கிலம் காணாது என்று தலைவரிடம் கையை விரித்தார். தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. தலைவர் அம்மையார் செண்பகவல்லியைப் பார்த்து, "நீங்களே மொழிபெயர்த்துவிடுங்கள், எங்களுக்கு உங்கள் மேல் நம்பிக்கை இருக்கிறது" என்றார். ஹால்வரும் தலையசைத்தார்.

"மொதல்ல ஒண்ணு" என்றார் ஞானதுரை. "பால்வண்ணம் அண்ணாச்சி பாவம். எந் தப்புக்கு அவரு ஏச்சு வாங்குனாரு. அந்தப் போட்டோவ உள்ள வச்சது நான்தான்."

செண்பகவல்லி மொழிபெயர்க்கவில்லை. வாயைத் திறந்தபடி நின்றாள்.

"சொல்லுளா, எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க."

சொன்னாள்.

"ஃபைலு மேல அசல்னு எழுதியிருந்துச்சு. எங்க பாஷையில அதுக்கு ரெண்டு அர்த்தம். அசலூருக்காரன்னா நமக்குச் சம்பந்தமில்லாதவன். அசல் தங்கம்னா கலப்படமில்லாத தங்கம். இந்தம்மா மொத அர்த்தத்துல எழுதச் சொல்லிச்சு. நான் ரெண்டாவது அர்த்தத்துல வச்சேன். நேருல சொல்லத் தைரியம் இல்ல. மெஷினு சொல்லட்டும்னு வச்சேன்."

இதை அவள் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்க இரண்டு தடவை தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது. நூற்றிருபத்தொன்பது நாட்டுக்காரர்கள் முன்னால் 'அசல் தங்கம்' என்று தன்னைத் தானே மொழிபெயர்ப்பது எந்தப் பெண்ணுக்கும் சுலபமில்லை. அரங்கத்தில் சிரிப்பு ஓடியது. ஹால்வர்கூடப் புன்னகைத்தார். அவர் வழக்குக்கு இதைவிட நல்ல சாட்சி ஏது?

"ஆனா கேட்டுக்கிடுங்க" என்றார் ஞானதுரை. "வச்சிட்டு மெஷினுக்குள்ள படுத்தேன் பாருங்க, ஒவ்வொரு மொகமா வர வர எனக்கு நடுக்கம் புடிச்சிட்டு. எட்டு போயிட்டு, அடுத்தது அவதான். கண்டுபிடிச்சு வேலைய விட்டுத் தூக்கிட்டா? ஊருல தங்கச்சி கல்யாணத்துக்கு நிக்குது. ஓடியிரலாமான்னு பாத்தேன், கையில ஊசி. ஒம்பதாவது மொகம் வந்தப்போ எனக்குக் காதலும் இல்ல, கத்திரிக்காயும் இல்ல. பயம். ஒரே பயம். பக்கத்துல நர்சம்மா நாடி எழுதிக்கிட்டு இருந்தாங்க. எடுத்துப் பாருங்க."

செண்பகவல்லிக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. மனப்பாடமாகத் தெரியும். நிமிஷத்துக்கு நூற்றிருபத்தெட்டு துடிப்பு. முப்பத்தொரு வருஷமாக அந்த எண்ணை நினைத்து அவள் ரகசியமாகப் பெருமைப்பட்டிருக்கிறாள்.

மொழிபெயர்த்தாள். பிறகு, தன் சொந்தக் குரலில், ஹால்வரைப் பார்த்துச் சொன்னாள்.

"இந்த மருந்தைச் செய்தவள் நான். அந்த வெளிச்சத்தை என் கண்ணால் பார்த்தவளும் நான். அது பயம் என்று எனக்கு இந்த நிமிஷம்வரை தெரியாது. உங்கள் தூதரகத்தில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு பதிவு எதையும் நிரூபிக்காது, ஒத்துக்கொள்கிறேன். உங்களிடம் நாற்பதாயிரம் இருக்கிறது. திறந்து பாருங்கள். அடிக்கிற புருஷனின் முகத்துக்கு எத்தனை பேர் எரிந்தார்கள், வெட்கப்பட்டவர்கள் எத்தனை பேர் எரியவில்லை என்று எண்ணிப் பாருங்கள். எண்ணி முடிக்கிறவரைக்கும் அந்த முத்திரையைக் கீழே வையுங்கள்."

ஹால்வர் காகிதத்தை இரண்டாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். "மேற்கொண்டு கேள்வி இல்லை" என்று உட்கார்ந்தார்.

எழுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு. ஒரு சின்னத் திருத்தத்தோடு பிரிவு நிறைவேறியது. பதிவுகளை எல்லாம் வெளியார் குழு சரிபார்க்கும்வரை பாசத்துக்கு ஸ்கேன் சான்றாகாது. நிராகரித்த மனுக்களை மறுபடி எடுக்க வேண்டும். வராந்தாவிலேயே நின்று முத்துப்பேச்சிக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் அழுகை. அதன் பிறகு, "மேடம், அங்க குளிருமாமே, புள்ளைக்கு என்ன வாங்கட்டும்?" என்று கேள்வி.

வெளியே டிராம் நிறுத்தத்தில் வெயில் இதமாக இருந்தது. ஞானதுரை எதிரே போன ஒரு குட்டை நாய்க்கு 'தாசில்தார்' என்று பெயர் வைத்தார். அவளுக்குப் போன உயிர் வந்தது.

"கோவமா?" என்றாள்.

"கோவம்னு இல்ல. நாலு மாசம் கழிச்சு வந்து அப்பாவைப் பாருன்னு ஆர்டர் போட்டியே, இவளுக்கு எங்கிருந்து இவ்வளவு தைரியம்னு எத்தனையோ நாளு யோசிச்சிருக்கேன். இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆனா ஒண்ணுளா. முப்பத்தொரு வருஷத்துல நீ ஒரு தடவைகூட என்னட்ட கேக்கலயே."

"எதை?"

அவர் தண்டவாளத்தைப் பார்த்தார்.

அவளுக்கு உறைத்தது. மற்ற பெண்கள் புருஷனைத் துளைத்துத் துளைத்துக் கேட்கிற அந்தக் கேள்வியை அவள் கேட்டதே இல்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பானேன் என்று இருந்துவிட்டாள். அவள் கேட்காததால் அவருக்கும் சொல்ல வாய்க்கவில்லை. வெறும் பயத்தை முதலாக வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள், கெட்டிக்காரி.

"ஏங்க" என்றாள். "என்னை உங்களுக்குப் பிடிக்குமா?"

ஞானதுரை திரும்பிப் பார்த்தார். அவசரமே இல்லாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டு விரலை வைத்து, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டிராம் வளைவில் திரும்புவது தெரிந்தது.

"என்னளா இது, குதிரை மாதிரி ஓடுது?"

"பயமா இருக்கு" என்றாள் செண்பகவல்லி.

"அன்னைக்கு எனக்கும் அதேதான்ளா" என்றார் அவர்.

டிராம் வந்து நின்றது. பிடித்த கையை விடாமலே ஏறினார்கள்.